தாடையில் தொங்கிய சட்டம்: யாழ்ப்பாணத்தில் முகக்கவச விதிகளும் மக்களும், 2020–2022

2020 ஒக்டோபர் 15ஆம் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி, பொது இடங்களில் முகக்கவசம் அணிவதையும் ஆளுக்கு ஆள் ஒரு மீற்றர் இடைவெளி விடுவதையும் இலங்கை முழுவதற்கும் சட்டக் கடமையாக்கியது. மீறுபவருக்கு 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை. அந்த விதிகளுக்கு அடித்தளமாக இருந்தது 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவிக்கொண்டிருந்த காலத்தில் வெள்ளைக்காரர் எழுதி வைத்தது. பத்தாயிரம் ரூபாய் என்பது அன்றைய யாழ்ப்பாணத்தில் ஒரு கூலித்தொழிலாளி ஏறத்தாழ ஒரு வாரம் வேலை செய்து எடுக்கும் பணம். சும்மா மிரட்டுவதற்குச் சொன்ன தொகை அல்ல.

ஆனால் அந்த ஆண்டு மார்கழியில் யாழ்ப்பாணம் மத்திய பஸ் நிலையத்தில் சற்று நேரம் நின்றவர்களுக்கு வேறொரு காட்சி பழகிப்போயிருக்கும். மினிபஸ் நடத்துநர் ஊர்ப் பெயர்களைக் கூவி அழைக்கிறார். முகக்கவசம் தாடைக்குக் கீழே கிடக்கிறது. பொலிஸ் ஜீப் ஆஸ்பத்திரி வீதியால் திரும்புகிறது; கவசம் மூக்குக்கு ஏறுகிறது. ஜீப் போகிறது, கவசம் பழைய இடத்துக்கு வருகிறது. பஸ்ஸுக்குள் இருந்த ஆசிரியை முதல் மூட்டையோடு இருந்த ஐயா வரை எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எவரும் எதுவும் சொல்லவில்லை. தங்கள் சந்தியில் இறங்கியதும் அவர்களும் அதையே செய்யப்போகிறவர்கள்.

அமெரிக்காவிலும் பேர்லின் போன்ற ஐரோப்பிய நகரங்களிலும் இந்த விதிகளை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். தனிமனித உரிமை என்று அங்கே பேசினார்கள். யாழ்ப்பாணத்தில் அப்படி ஓர் ஊர்வலத்தை நான் பார்க்கவில்லை. இங்கே விதியை எதிர்த்தவர் அபூர்வம். விதியோடு பேரம் பேசாதவரும் அபூர்வம். முகக்கவசம் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, ஏன் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. அக்காலச் செய்திகள், வர்த்தமானி, சந்தையிலும் கோயில் வீதியிலும் பார்த்தவை, கேட்டவை ஆகியவற்றை வைத்து எழுதுகிறேன். என் முடிபை முதலிலேயே சொல்லிவிடலாம்: விதி என்ன சொன்னது என்பதைவிட, அதை யார் சொன்னார் என்பதையே யாழ்ப்பாணம் கூர்ந்து பார்த்தது.

மூடிய முகத்தின் முற்கதை

முகத்தை மூடியவர் யார் என்ற கேள்வி இங்கே கொரோனாவோடு வந்ததல்ல. போர்க்காலச் சுற்றிவளைப்புகளில் ஊர் ஆண்களைக் கோயில் வீதியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ வரிசையில் நிறுத்துவார்கள். சாக்கால் முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் துளை விட்ட ஒருவர் இருப்பார். வரிசை அவர் முன்னால் நகரும். தலையாட்டி என்று ஊர் அழைத்த அந்த மனிதர் தலையை அசைத்துவிட்டால், முன்னால் நின்றவர் வீடு திரும்புவாரா என்பது யாருக்கும் தெரியாது. ஐம்பது வயதைத் தாண்டிய யாழ்ப்பாணத்து ஆண்கள் பலரிடம் இந்தக் கதையில் ஒரு சொந்தப் பங்கு இருக்கும். 2011இல், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் திரிகிறார்கள் என்ற கிறீஸ் பூதப் பீதி கிளம்பி நாவாந்துறையில் மக்களுக்கும் படையினருக்கும் இடையே மோதல் வந்தபோதும், பயத்தின் நடுவில் இருந்தது முகம் தெரியாத உருவம்தான். பிறகு வாள்வெட்டுக் குழுக்களின் காலம். துணியால் முகத்தை மறைத்து மோட்டார் சைக்கிளில் வந்து வெட்டிவிட்டுப் போனார்கள். 2015இல் முழுமுகத் தலைக்கவசத்தைத் தடைசெய்யப் பொலிஸார் முயன்று, விடயம் நீதிமன்றம் வரை போனது.

ஆகவே 2020இல் நகைக்கடைக்காரரும் அடகுக்கடைக்காரரும் கேட்ட கேள்வி நியாயமானது. எல்லோரும் மூடிக்கொண்டு வந்தால் கமராவில் யாரை அடையாளம் காண்பது? சில கடைகளில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாசலில் ஒரு கணம் கவசத்தை இறக்கி முகத்தைக் கமராவுக்குக் காட்டிவிட்டு, பிறகு மூடிக்கொண்டு உள்ளே வரவேண்டும். எந்தச் சுற்றுநிருபமும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சுகாதாரக் கண்ணோடு பார்த்தாலும் பிழையில்லாத ஏற்பாடு. வெளிக்காற்றில் திறந்து, அடைத்த அறைக்குள் மூடுவதுதானே நோக்கம்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழும் சோனகதெருவில் இந்த முற்கதைக்கு இன்னொரு கசப்பும் இருந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அதே மாதம் 29ஆம் திகதி முதல் பொது இடத்தில் முகத்தை மூடுவது அவசரகால ஒழுங்குவிதியால் தடைசெய்யப்பட்டது. ஓராண்டு நிறைவதற்கு முன், 2020 ஏப்ரலில், வெளியே வருபவர்கள் எல்லோரும் முகத்தை மூடவேண்டும் என்றார்கள். 2021 மார்ச்சில், நாடே மூடிய முகத்தோடு திரிந்த நாட்களில், அமைச்சர் சரத் வீரசேகர புர்காவைத் தடைசெய்வதற்கான அமைச்சரவைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். இதற்கிடையில் கொரோனாவால் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்ற கட்டாயம் 2021 பெப்ரவரி இறுதி வரை நீடித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும் நீடித்தது. 1990இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, போருக்குப் பின் திரும்பி வந்து குடியேறிய மக்களிடம் போய், இது வெறும் சுகாதார விதி, அரசியல் இல்லை என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அந்த வேலை அந்தப் பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகர்களின் தலையில் விழுந்தது.

அரியாலை, 2020 மார்ச்

2020 மார்ச் 15ஆம் திகதி அரியாலையில் ஒரு தேவாலய ஆராதனை நடந்தது. சுவிற்சர்லாந்தில் இருந்து வந்திருந்த போதகர் ஒருவர் அதை நடத்தினார். அவர் திரும்பிப்போன பின்னரே அவருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. மார்ச் 22ஆம் திகதி யாழ் மாவட்டத்தின் முதல் தொற்றாளர் அறிவிக்கப்பட்டார். போதகரோடு தொடர்பில் இருந்தவர். நாடளாவிய ஊரடங்கு அதற்கு இரண்டு நாள் முன்னரே தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணம் அபாய வலயமாகக் குறிக்கப்பட்டு ஊரடங்கு நீண்டது. ஆராதனைக்குப் போனவர்களைத் தேடித் தேடித் தனிமைப்படுத்தினார்கள்.

இப்படித் தொடங்கியதால் நோய்க்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது. வெளிநாட்டால் வந்தவர், அந்தச் சபைக்குப் போனவர், அரியாலைக்காரர் என்று வட்டம் போட்டுக்கொண்டு, தன் ஒழுங்கைக்குள் நோய் இல்லை என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். முதல் அலையில் யாழ்ப்பாணத்துத் தொற்றாளர் தொகை சிறியதாகவே இருந்ததும் அந்த நம்பிக்கைக்கு உரம் போட்டது. பின்னர் கவசம் வந்தபோது அது இந்த மனவரைபடத்தின்படியே நடந்தது. ரவுணுக்குப் போகும்போது போடுவது. ஒழுங்கைக்குள் திரும்பியதும் கழற்றுவது. பக்கத்து வீட்டு அக்காவோடு வேலிக்கு மேலால் கதைக்கும்போது ஒருவர் கவசம் போட்டிருந்தால், அவருக்கு வருத்தமா, அல்லது எனக்கு வருத்தம் என்று நினைக்கிறாரா என்ற சந்தேகம் வந்துவிடும். இரண்டில் எதுவென்றாலும் உறவு கெட்டது. ஆக, தொற்று எளிதில் தாவும் நெருக்கத்தில் கவசம் இல்லை; வெட்டவெளியில் சைக்கிள் ஓடும் தனி மனிதருக்கு உண்டு. காங்கேசன்துறை வீதியில் தன்னந்தனியாகச் சைக்கிளில் போகும் முதியவர் மூக்குவரை மூடியிருப்பார். சாமத்திய வீட்டுப் பந்தலுக்குள் நாற்பது பேர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த மாதங்களில் பயத்தை ஊருக்குள் கொண்டுவந்தது தொலைபேசி. லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று பிள்ளைகளும் சகோதரங்களும் இருக்கும் வீடுகளுக்கு, அங்கே ஆஸ்பத்திரி நிரம்பிவிட்டது, இன்னார் போய்விட்டார், பிரேதத்தைப் பார்க்கவும் விடவில்லை என்று அழைப்புகள் வந்தன. யாழ்ப்பாணத்தில் நோய் கண்ணில் படுவதற்கு முன்னரே கொரோனா மரணம் பல குடும்பங்களுக்குள் வந்திருந்தது. வெளிநாட்டில் மகன் இருந்த அம்மாக்கள் கவசத்தைச் சரியாக அணிந்தார்கள் என்பது என் கவனிப்பு. வீடியோ அழைப்பில் மகன் பார்ப்பான் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாறிய அறிவுரை

2020 தொடக்கத்தில் ஒருமுறை பாவிக்கும் கவசத்துக்கு 15 ரூபாயும் என்95 வகைக்கு 150 ரூபாயும் உச்ச விலையாக நிர்ணயிக்கப்பட்டன. விலை காகிதத்தில் நின்றது, சரக்குக் கடையில் நிற்கவில்லை. அப்போது உலக சுகாதார நிறுவனமே நலமாக இருப்பவர்கள் அணியத் தேவையில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அது தன் வழிகாட்டலை மாற்றியது 2020 ஜூன் 5ஆம் திகதி. இலங்கை அதற்கு முன்னரே, ஏப்ரல் மாதத்தில், வெளியே வருபவர் கட்டாயம் அணிய வேண்டும் என்று அறிவித்துவிட்டது. தேவையில்லை என்று கேட்ட காதே சில வாரங்களில் கட்டாயம் என்றும் கேட்டது. தட்டுப்பாட்டைத் தையல் இயந்திரங்கள் தீர்த்துவைத்தன. வீட்டில் இருந்து தைத்த பெண்களிடம் கடைகள் வாங்கின. பிறகு சேலைத் துண்டில் சேலைக்குப் பொருத்தமான கவசம், மாப்பிள்ளை வேட்டிக் கரையில் கவசம் என்று வந்தது. படம் பிடிப்பவர் கழற்றச் சொல்வார் என்பது தெரிந்தும் தைத்தார்கள்.

அறிவிப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் பல மாத இடைவெளி இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2020 ஜூலையில், பொதுத் தேர்தலுக்கு முன், பொதுச் சுகாதார பரிசோதகர்களின் சங்கமே தங்களுக்குச் சட்ட அதிகாரம் தரும் வர்த்தமானி வரவில்லை என்று கூறிக் கொரோனாக் கடமைகளில் இருந்து விலகியது. கூட்டம் கூட்டமாகப் பிரசாரம் நடந்தது; ஓகஸ்ட் 5ஆம் திகதி வாக்களிக்கப் போனவரிடம் கவசம் கேட்டார்கள். வாக்குக் கேட்க வந்தவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில், கொரோனாவுக்கு மருந்து என்று கேகாலையில் ஒருவர் கொடுத்த பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். வர்த்தமானியில் கையெழுத்திட்ட சுகாதார அமைச்சரே அந்தப் பாணியைப் பகிரங்கமாக அருந்தினார். அடுத்த மாதம் அவருக்கும் தொற்று வந்தது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகள் இதைத் தவறவிடவில்லை.

சந்தை

விதி உண்மையில் சோதனைக்கு உள்ளானது சந்தைகளில். 2020 ஒக்டோபரில் கொழும்புக்கு அருகே பேலியகொட மீன்சந்தையில் தொற்றுக் கொத்தணி (ஓரிடத்தில் இருந்து பலருக்குப் பரவும் தொற்று) வெடித்தபோது அதன் வால் கடற்கரை ஊர்கள் வரை நீண்டது. டிசம்பரில் மருதனார்மடம் சந்தையோடு தொடர்புடைய கொத்தணி. உடுவில் பகுதி முடங்கியது. 2021 மார்ச்சில் யாழ் நகர நவீன சந்தைத் தொகுதி. கடைகள் பூட்டப்பட்டன, திருநெல்வேலியில் பாற்பண்ணைப் பகுதி முடக்கப்பட்டது. மூன்று முறையும் மைக்கில் வந்த அறிவுறுத்தல் ஒன்றுதான்: சுகாதார நடைமுறைகளைப் பின்பற்றுங்கள்.

சந்தை வியாபாரி ஏன் பின்பற்றவில்லை என்பதை அவர் வேலையைப் பார்க்காமல் சொல்ல முடியாது. விடியுமுன்னே வந்து, மரக்கறி மூட்டையைத் தோளில் இறக்கி, தகரக் கூரையின் கீழே வியர்வையோடு நிற்பவருக்குத் துணிக் கவசம் சிறிது நேரத்தில் நனைந்துவிடும். நனைந்த துணியால் மூச்சு விடுவது கடினம். நனைந்த கவசம் சரியாக வடிகட்டுவதும் இல்லை. மாற்றுக் கவசம் கொண்டுவரவேண்டும் என்று விதி சொல்லவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. மீன் ஏலத்தில் கதை இன்னும் மோசம். கூறுபவரின் தொழிலே குரல். விலையைக் கூவ வேண்டும், எதிரே நிற்பவர் உதட்டசைவிலும் கண் சிமிட்டலிலும் விலை கேட்பார். அந்த வேகத்தில் கவசத்துக்குள் இருந்து வரும் குரலை நம்பி ஆயிரக்கணக்கான ரூபாய் மீனை விட்டுவிட முடியாது. காது மந்தமான முதியவர்கள் சந்தையில் பாதிப்பேர். அவர்கள் உதட்டைப் பார்த்தே விலை அறிகிறவர்கள்.

பிறகு வெற்றிலை. இதை எந்தச் சுகாதாரக் குறிப்பும் எழுதியதை நான் காணவில்லை. வாய் நிறைய வெற்றிலையோடு இருப்பவர் கவசத்தை எப்படி அணிவார்? சில நிமிடத்துக்கு ஒருமுறை துப்ப வேண்டும். துப்புவதற்கு இறக்கிய கவசம் மீண்டும் ஏறாது. காலையில் இருந்து சந்தையில் நிற்கும் ஆண், பெண் இருபாலாரிலும் வெற்றிலை போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று சுற்றிப் பார்த்தாலே, கட்டாயக் கவசம் என்ற விதி சந்தைக்குள் வந்து எங்கே தடுக்கி விழுந்தது என்பது விளங்கும்.

இவ்வளவுக்கும் மேலே, சந்தைக்காரர் நோயைவிடப் பரிசோதனைக்குப் பயந்தார். ஒருவருக்குத் தொற்று என்றால் அவரோடு சேர்ந்து சந்தை பூட்டப்படும், ஒழுங்கை அடைக்கப்படும், வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்படும். இரு வாரத்துக்கு 10,000 ரூபாய் பெறுமதியான உலருணவுப் பொதி என்று அறிவித்தார்கள். தண்டமும் அதே தொகை என்பது தற்செயல்தான். ஆனால் நாட்சம்பளக்காரர் கணக்குப் பார்க்கத் தெரியாதவர் அல்லர்: கவசமில்லாமல் பிடிபட்டால் நட்டம் தனக்கு மட்டும், தொற்றோடு பிடிபட்டால் நட்டம் முழுச் சந்தைக்கும், பழி வாழ்நாள் முழுவதற்கும். அதனால் சந்தையில் கவசம் ஏறியது பரிசோதகரைக் கண்டபோது அல்ல, பிசிஆர் எடுக்க வருகிறார்கள் என்ற செய்தி வந்தபோது. மருதனார்மடத்துக்குப் பிறகு சில வாரங்கள் சுற்றுவட்டாரச் சந்தைகள் எல்லாம் மூக்கை மூடிக்கொண்டு நின்றன. தண்டத்தால் வராத ஒழுக்கம், பக்கத்துச் சந்தைக்கு நேர்ந்ததைப் பார்த்து வந்தது. அதுவும் தைப்பொங்கலோடு தளர்ந்தது.

சீருடையும் நினைவேந்தலும்

கொரோனா ஒழிப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்குத் தலைவராக இருந்தவர் இராணுவத் தளபதி. வடக்கில் தனிமைப்படுத்தல் நிலையங்களை நடத்தியவர்கள் படையினர். வீதியில் கவசத்தைச் சோதித்தவர்கள் பொலிஸார். அவர்களில் தமிழில் தயக்கமின்றிப் பேசக்கூடியவர்கள் குறைவு என்பது யாழ்ப்பாணத்தின் நெடுநாள் முறைப்பாடு. சுகாதார விதியின் மொழி விளக்கம். விளக்குவதற்கு மொழி வேண்டும். அது இல்லாத இடத்தில் கையசைப்பும் உறுக்கலுமே மிஞ்சின. சோதனைச் சாவடியில் கவசத்தை மேலே ஏற்றுவது, போர்க்காலத்தில் அதே சாவடியில் சைக்கிளில் இருந்து இறங்கி உருட்டிக்கொண்டு போனதன் தொடர்ச்சியாக ஆகிவிட்டது. அடையாள அட்டையை எடுக்கும் அதே கை, அதே அசைவு.

அதைவிட ஆழமான காயம் வேறு. 2020 மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவு வாரத்தில், தமிழ்த் தேசிய மக்கள் முன்னணித் தலைவர் கஜேந்திரகுமார் பொன்னம்பலம் உட்பட 11 பேரை 14 நாள் தனிமைப்படுத்துமாறு யாழ் நீதவான் நீதிமன்றம் பொலிஸாரின் விண்ணப்பத்தின் பேரில் உத்தரவிட்டது. பின்னர் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. அதே மாதக் கடைசியில் மலையகத்தில் அமைச்சர் ஆறுமுகன் தொண்டமானின் இறுதிக்கிரியைக்குப் பெருங்கூட்டம் கூடியது. அந்த ஆண்டு நவம்பரில் மாவீரர் நினைவேந்தலைத் தடுக்கவும், 2021 பெப்ரவரியில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரையான நடைபயணத்தைத் தடுக்கவும் நீதிமன்றங்களுக்குப் போன பொலிஸார் தொற்றையும் ஒரு காரணமாகக் காட்டினார்கள். நடந்தவர்களில் பலர் முகக்கவசத்தோடு நடந்தார்கள்.

தொற்று உண்மை. கூட்டம் கூடினால் பரவும் என்பதும் உண்மை. ஆனால் ஒரே சட்டம் ஓர் ஊரின் இழவுக்கு ஒரு மாதிரியும் இன்னோர் ஊரின் இழவுக்கு வேறு மாதிரியும் பேசியதைக் கண்டவர்களுக்கு, அந்தச் சட்டத்தின் மற்றப் பிரிவுகள் மீதும் சந்தேகம் வருவது இயல்பு. கவசம் அந்தச் சட்டத்தின் மிகச் சிறிய, மிக நியாயமான பகுதி. பழியில் அதற்கும் பங்கு கிடைத்தது.

உள்ளூர் ஆட்சி இந்த வேலையைக் கையில் எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். 2021 ஏப்ரலில் யாழ் மாநகர சபை, குப்பை போடுவோர், வெற்றிலை துப்புவோர் போன்றோரைக் கண்டு தண்டம் அறவிட ஐந்து பேர் கொண்ட ஒரு காவல் அணியைச் சீருடையோடு இறக்கியது. அந்தச் சீருடை விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்திருக்கிறது என்று கூறி, முதல்வர் விஸ்வலிங்கம் மணிவண்ணன் ஏப்ரல் 9ஆம் திகதி பயங்கரவாத விசாரணைப் பிரிவினரால் கைது செய்யப்பட்டார். அன்றே பிணையில் விடுவிக்கப்பட்டார். தெருவில் துப்புவதைத் தடுக்கும் பணி, தமிழில் பேசும் ஆட்கள், தொற்று ஏறிக்கொண்டிருந்த மாதம். நோய்த்தடுப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஓர் ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம். சட்டையின் நிறத்தில் அது முடிந்தது.

நல்லூரும் வங்கிக் கதவும்

விதி நின்ற இடங்களும் உண்டு. 2020 ஜூலை 25ஆம் திகதி நல்லூர்க் கந்தசுவாமி கோயில் பெருந்திருவிழா கொடியேறியபோது, வீதிகளில் கடைகளுக்கு அனுமதி இல்லை. கைகழுவி, கவசத்தோடுதான் உள்ளே போகலாம். பொலிஸாரும் நின்றார்கள் என்பது உண்மை. ஆனால் மக்கள் கட்டுப்பட்டது அவர்களுக்கு என்று நான் நினைக்கவில்லை. நல்லூர் தன் ஒழுங்குக்குப் பெயர்போன கோயில். பூசை குறித்த நிமிடத்தில் நடக்கும். ஆண்கள் மேலாடை கழற்றித்தான் போகவேண்டும், அமைச்சர் வந்தாலும் அதுதான். அர்ச்சனைச் சீட்டு பல பத்தாண்டுகளாக ஒரு ரூபாய். யாருக்கும் விலக்கில்லாத இடத்தில் புதிதாக ஒரு விதி சேர்ந்தால் அதுவும் பழையவற்றோடு கலந்துவிடுகிறது. மேலாடையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, முகத்தில் மட்டும் துணியோடு நின்ற ஆண்களைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. அவர்கள் சிரிக்கவில்லை. 2021இல் திருவிழா ஓகஸ்ட் 13ஆம் திகதி தொடங்கி ஒரு வாரத்தில் நாடே முடங்கியது. தேரும் தீர்த்தமும் அடியார் கூட்டமில்லாமல் நடந்தன.

வங்கி, மருந்துக்கடை, தனியார் மருத்துவமனை ஆகியவற்றின் வாசல்களிலும் விதி நின்றது. காரணம் எளியது: போடாவிட்டால் உள்ளே போக முடியாது, வந்த வேலை நடக்காது. தண்டம் வரலாம், வராமலும் போகலாம்; அடைத்த கதவு அப்போதே அடைத்த கதவு. இங்கும் பேரம் இல்லாமல் இல்லை. வங்கிக்குள் போக நண்பர் ஒருவரிடம் கவசம் இரவல் வாங்கி, வேலை முடிந்ததும் அதைக் கழற்றி அவரிடமே திருப்பிக் கொடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன். நோயைத் தடுக்கும் பொருளை நோய் கொண்டுபோகும் வண்டியாக்கிய அந்தப் புத்திசாலித்தனத்துக்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை. வாசலில் ஒரு பெட்டிக் கவசத்தை வைத்து, இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுத்த கடைகளில் இந்தக் கூத்து நடக்கவில்லை.

வங்காளதேசத்தில் ஓர் ஒப்பீடு

இதே காலத்தில், 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை, வங்காளதேசத்தில் 600 கிராமங்களில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 3,40,000 வயதுவந்தோருக்கு மேல் அதில் அடங்கினர். ஒரு பகுதிக் கிராமங்களில் கவசத்தை வீடு வீடாக இலவசமாகக் கொடுத்தார்கள். சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆட்கள் நின்று, போடாதவரிடம் மரியாதையாகக் கேட்டு, இல்லாவிட்டால் கையில் கொடுத்தார்கள். இமாம்களும் ஊர்ப் பெரியவர்களும் தாங்கள் அணிந்து காட்டினார்கள். சரியாக அணிவோர் விகிதம் 13 சதவீதத்தில் இருந்து 42 சதவீதமாக உயர்ந்தது. சத்திரசிகிச்சைக் கவசம் கொடுத்த கிராமங்களில் அறிகுறியுள்ள தொற்று ஏறத்தாழ 11 சதவீதம் குறைந்தது; 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 35 சதவீதம். துணிக் கவசத்தில் இவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. குறுஞ்செய்தி அனுப்புவதும் ஊருக்குப் பணப்பரிசு கொடுப்பதும் மேலதிகமாக எதையும் மாற்றவில்லை.

கவசங்களால் சமூக அளவில் என்ன பலன் என்ற வாதம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2023 மீளாய்வோடு மீண்டும் சூடானது. அந்த மீளாய்வு கவசம் பயனற்றது என்று நிறுவவில்லை, மக்களை அணியச் செய்யும் திட்டங்கள் பலன் தந்தனவா என்பதையே பார்த்தது, அதிலும் முடிபு உறுதியற்றது என்று கொக்ரேனின் தலைமை ஆசிரியரே விளக்கம் கொடுக்க நேர்ந்தது. அணியச் செய்வதுதான் சிக்கல் என்பது யாழ்ப்பாணத்துச் சந்தை வியாபாரிக்குப் புதிய செய்தியாக இராது.

வங்காளதேசக் கிராமத்தில் நின்றவரையும் இங்கே நின்றவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அவர் கையில் கவசம் இருந்தது. இவர் கையில் குற்றப் பத்திரம் இருந்தது. அவர் அந்த ஊர் மொழியில் பேசினார். யாழ்ப்பாணத்திலும் அப்படிச் செய்யக்கூடியவர்கள் இருந்தார்கள்: குடும்பநல உத்தியோகத்தர், கிராம அலுவலர், சந்தை வியாபாரிகள் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், கோயில் தர்மகர்த்தா சபை, பங்குத்தந்தை, மௌலவி. மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள். குடும்பநல உத்தியோகத்தர் ஒவ்வொரு கர்ப்பிணி வீட்டுக்கும் போகிறவர். எந்த வீட்டில் ஆஸ்துமா, எந்த வீட்டில் நீரிழிவு என்று அறிந்தவர். அவரிடம் கொடுத்தனுப்ப ஒரு பெட்டிக் கவசம் இருந்திருந்தால், சாவடியில் நின்றவருக்கு வேலை பாதி குறைந்திருக்கும். மீன் ஏலத்துக்கு, கூறுபவரை மட்டும் தூரத்தில் நிறுத்தி வாங்குபவர்களை மூடச் சொல்லியிருக்கலாம். வெற்றிலைக்காரருக்குத் துப்பும் இடத்தை ஒதுக்கியிருக்கலாம். எல்லோருக்கும் எங்கும் எப்போதும் என்று எழுதிய விதி, எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் வேலையை ஒவ்வொரு தனி மனிதரின் தாடையிடம் விட்டுவிட்டது.

விதி நீங்கியபோது

2022 ஏப்ரல் 18 முதல் திறந்த வெளியில் கவசம் கட்டாயமில்லை என்று அறிவித்தார்கள்; சில நாட்களிலேயே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு ஜூன் மாதத்தில் விதி ஒரேயடியாக நீங்கியது. அப்போது யாழ்ப்பாணம் வேறு கவலையில் இருந்தது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, வள்ளம் எடுக்க மண்ணெண்ணெய் கிடைக்காத கடற்றொழிலாளர். ஒரு மீற்றர் இடைவெளி விட்டால் அந்த இடத்துக்குள் இன்னொருவர் வந்து நின்றுவிடுவார். விதி நீங்கியது பற்றி யாரும் பேசிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கவசத்தைக் கைவிடாத சிலர் இன்றும் இருக்கிறார்கள். ஸ்கூட்டியில் போகும் இளம் பெண்கள் வெயிலுக்கும் வீதிப் புழுதிக்கும் அணிகிறார்கள். தெரிந்தவர் கண்ணில் படாமல் போகலாம் என்ற வசதியையும் சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். சிறுநீரக நோயாளர்களும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களும் போதனா வைத்தியசாலைக்கு வரும்போது அணிகிறார்கள். தடிமன், இருமலோடு வகுப்புக்கு வரும் மாணவர்கள் சிலர் அணிகிறார்கள். 1897ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது; அடுத்த வர்த்தமானி வந்தால் அதன் கீழேயே வரும்.